வேலப்பன்சாவடியில் நின்ற நரம்பு

என் தம்பி சம்பத்தால் ஒட்ட முடியாதவை இரண்டே இரண்டு என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்வோம். ஒன்று தண்ணீர். இன்னொன்று நான் சொல்லும் புத்தி. அது அவன் மண்டையில் எந்தக் காலத்திலும் ஒட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் ஒட்டிவிடுவான். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் கவர் போடுகிற கடை வைத்திருக்கிறான். கடையில் தையல் மெஷின் இருக்கிறது, ரெக்சின் சுருள்கள் இருக்கின்றன. ஆனால் அவனுக்குப் பெருமையெல்லாம் மூலையில் இருக்கும் சொல்யூஷன் டப்பாவில்தான்.

சொல்யூஷன் என்றால் ரெக்சினை ஃபோமில் ஒட்டுகிற பசை. அதற்குச் சில விதிகள் உண்டு. இரண்டு பக்கமும் தடவ வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காய விட வேண்டும். பிறகு வைத்து அமுக்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு வாரம் வண்டியை வெயிலில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் பசை இளகி ரெக்சின் தூக்கிக்கொள்ளும். இந்தக் கடைசி விதியை ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் கல்யாண மந்திரம் போலச் சொல்லி, திரும்பச் சொல்ல வைத்து, அப்புறம்தான் சாவியைக் கொடுப்பான்.

நான் சரசா, அவனுடைய அக்கா. திருவேற்காட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. திருமழிசையில் அப்பா விட்டுப்போன மனையில் இரண்டு போர்ஷன் கட்டி, ஒன்றில் நானும் இன்னொன்றில் அவனும் அவன் பெண்டாட்டி புஷ்பாவும் இருக்கிறோம். நடுவில் ஒற்றைக்கல் சுவர். அவன் குறட்டையில் எனக்கும் பங்கு உண்டு.

போன சித்திரையில் கோபியின் ஷேர் ஆட்டோவுக்குப் பின் சீட் மாற்றிக்கொண்டிருந்தான். பழைய ஃபோமைப் பிடுங்க உள்ளே கையை விட்டு இழுத்தபோது, சீட்டுக்கு அடியில் இருந்த தகரத்தின் விளிம்பு வலது மணிக்கட்டின் உள்பக்கத்தைக் கிழித்துவிட்டது. கோபிதான் தன் காக்கிச் சட்டையைக் கழற்றிச் சுற்றி, அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பின் சீட்டே இல்லாத ஆட்டோ. என் தம்பி வெறும் தகரத்தின் மேல் குந்திக்கொண்டு போயிருக்கிறான். போகிற வழியெல்லாம், கடையில் விரித்து வைத்த புது ரெக்சினில் ரத்தம் பட்டதா என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தானாம்.

அறுந்தது நரம்பு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோகிற நரம்பு. ஆபரேஷன் செய்தவர் டாக்டர் கிருஷ்ணப்பிரியா. சின்ன வயசு, நிதானமான பேச்சு. மயக்கம் தெளிந்ததும் அவர் வந்து, தலைமுடியைவிட மெல்லிய நூலில் ஒன்றிரண்டு தையல் மட்டும் போட்டு, சுற்றிலும் பசை வைத்து ஒட்டியிருக்கிறோம் என்றார். தையல் கூடக் கூட நரம்புக்குக் காயமும் கூடும், அதனால்தான் பசை என்றார்.

பசை என்ற சொல் காதில் விழுந்ததும் படுத்துக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அறுந்த வேதனை, கட்டுப்போட்ட கை எல்லாம் மறந்துபோயிற்று. ரெண்டு பக்கமும் தடவினீங்களா, எவ்வளவு நேரம் காய விட்டீங்க, எதை வைத்து அமுக்கினீங்க என்று வரிசையாகக் கேட்டான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, இது உங்கள் கடைப் பசை இல்லை, ரத்தத்தை உறைய வைக்கும் சத்து இருக்கிறதே, அதிலிருந்து எடுத்தது, வைத்த கொஞ்ச நேரத்தில் அதுவே கெட்டியாகிவிடும் என்றார். அவன் முகத்தில் திருப்தி இல்லை. காய விடாமல் ஒட்டியது அவனுக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்னி நட்சத்திரம் வந்தது. பூந்தமல்லியில் அந்த வெயிலில் ரோட்டுத் தாரே பிசுபிசுக்கும். என் தம்பி குடை வாங்கினான். கறுப்புக் குடை, பெரியது. அதை இடது கையில் பிடித்து வலது கைக்கு மட்டும் நிழல் வருகிற மாதிரி சாய்த்துக்கொண்டு நடப்பான். தலை வெயிலில் காயும், மாவுக்கட்டுப் போட்ட கை நிழலில் வரும். பக்கத்துத் தெருவில் எல்லோரும் வேண்டுதலோ என்னவோ என்று நினைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து, கையை உள்ளே விட்டுக்கொண்டு ஸ்டூல் போட்டு உட்காருவான். புஷ்பா தயிர் எடுக்க வேண்டுமென்றால் அவனிடம் அனுமதி கேட்க வேண்டும்.

"இன்னாயா இது, கையா குல்ஃபியா?" என்று அவள் கேட்டாள்.

"பசை இளகிச்சின்னா நீ ஒட்டுவியா?" என்றான்.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். காயம் நன்றாக ஆறியிருந்தது. போகிற போக்கில் டாக்டர், வைத்த பசை இந்நேரம் முக்கால்வாசி கரைந்து போயிருக்கும் என்று சொன்னார். அவ்வளவுதான். என் தம்பிக்கு வியர்த்து விட்டது. சொல்யூஷன் போனால் ரெக்சின் தூக்கிக்கொள்ளும் என்பது அவனுக்கு வேதம். கரைந்து போகிற பசையை வைத்து ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்புவார்களா என்று நியாயம் கேட்டான். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை.

"தளம் போடறப்போ அடியில பலகை வெச்சு முட்டுக் கொடுக்கிறாங்க இல்லையா? தளம் இறுகினதும் பிரிச்சிடுவாங்க. பசை அந்த மாதிரிதான், பிடிச்சுக்க மட்டும்தான். அறுந்த இடத்திலிருந்து விரல் நுனி வரைக்கும் நரம்பு தானா வளர்ந்து போகணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போகும். சில பேருக்கு அதுவும் போகாது. பொறுமையா இருங்க."

அன்றைக்கே குடை பரணுக்குப் போயிற்று. ஃப்ரிட்ஜ் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

நரம்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. நரம்பு போகும் பாதையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், வளர்ந்து வந்திருக்கிற முனையில் தட்டும்போது ஷாக் அடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். கைப் பயிற்சி சொல்லித் தருகிற வித்யா அதைக் காட்டிக் கொடுத்தாள். அதிலிருந்து என் தம்பி உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட ஆரம்பித்தான். கோடு என்றால் வெறும் கோடு இல்லை. மணிக்கட்டுத் தழும்பு திருமழிசை. விரல் நுனி கோயம்பேடு. நடுவில் நசரத்பேட்டை, பூந்தமல்லி, கரையான்சாவடி, குமணன்சாவடி என்று ஒவ்வொரு பஸ் ஸ்டாப்புக்கும் ஒரு கோடு. ஆள்காட்டி விரலின் அடி வேலப்பன்சாவடி, முதல் மடக்கு வானகரம், அடுத்தது மதுரவாயல்.

கடைக்கு வருகிற ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் இது பொழுதுபோக்காகிவிட்டது. கோபி வண்டியை நிறுத்தியதும் முதல் கேள்வி, "அண்ணாத்தே, வண்டி எங்க வந்துகினு கீது?" என்பதுதான். கரையான்சாவடி தாண்டிட்டேன் என்பான் இவன். அங்கே மெட்ரோ வேலை நடக்கிறது, பார்த்து வா என்பான் அவன். சிரிப்பார்கள். வேலையை எல்லாம் கடைப் பையன்கள் பார்த்துக்கொள்ள, இவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்ஊராக வந்துகொண்டிருந்தான்.

ஆடி மாதம் வேலப்பன்சாவடி வந்தது. அங்கே நின்றுவிட்டது.

முதலில் யாருக்கும் கவலை இல்லை. வேலப்பன்சாவடியில் எந்த வண்டிதான் நிற்கவில்லை என்று கோபி சமாதானம் சொன்னான். ஆனால் ஆடி முடிந்து ஆவணி வந்த பிறகும் தட்டினால் அதே இடத்தில்தான் சுருக்கென்றது. விரல் மூன்றும் கட்டை மாதிரி கிடந்தன. ஒரு காலையில் தோசை திருப்ப உதவுகிறேன் என்று அடுப்பங்கரைக்குப் போனவன், கல்லின் விளிம்பில் ஆள்காட்டி விரலை ஊன்றிக்கொண்டு கடைக் கதையைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். வாடை வந்துதான் புஷ்பா பார்த்தாள். விரலைப் பிடித்து இழுத்ததும், எதற்கு இழுக்கிறாள் என்று அவளை முறைத்தானாம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது நுனியில் தோல் வெந்து வெள்ளையாக இருந்தது. அவன் அதை ஏதோ அடுத்தவன் விரல் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு என்னால் கேலி பேச முடியவில்லை. என் போர்ஷனுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

டாக்டர் அடுத்த முறை பார்த்தபோது வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஐப்பசி வரை பார்ப்போம். அதற்குள் நரம்பு நகரவில்லை என்றால் திரும்பத் திறந்து, காலிலிருந்து ஒரு துண்டு நரம்பை எடுத்து நடுவில் வைக்க வேண்டும், எடுத்த இடத்தில் கால் கொஞ்சம் மரத்துப்போகும். அதையும் தள்ளிப்போடக் கூடாது. நாள் கடந்தால் கட்டை விரல் அடியிலுள்ள சதை சுருங்கிவிடும், பிறகு எந்தப் பசையாலும் பயன் இருக்காது.

இதைக் கேட்டு ஒரு சாதாரண மனுஷன் என்ன செய்வான்? பயிற்சியை ஒழுங்காகச் செய்வான். என் தம்பி ஏமாற்ற ஆரம்பித்தான்.

பயிற்சி இதுதான்: ஒரு டப்பா அரிசிக்குள் ஏதாவது ஒரு பொருளைப் புதைத்து வைக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு, மரத்துப்போன விரல்களால் துழாவி அது என்னவென்று சொல்ல வேண்டும். புஷ்பா தினமும் சாயங்காலம் இட்லி அரிசி டப்பாவோடு உட்காருவாள். அவன் கையை விட்டதும் போல்ட்டு என்பான், சரியாக இருக்கும். பட்டன் என்பான், சரியாக இருக்கும். அவளுக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை, மாங்காட்டுக்குப் போய்க் காமாட்சிக்குப் புடவை சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிறகுதான் கவனித்தாள், துழாவுவதெல்லாம் சுண்டு விரல். அந்த விரலுக்கு வேறு நரம்பு, அதற்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் சுண்டு விரலையும் மோதிர விரலையும் சேர்த்து மடக்கித் துணியால் கட்டினாள். அப்போதும் சரியாகச் சொன்னான். பார்த்தால் கண்ணில் கட்டிய துண்டுக்குக் கீழே மூக்கோரமாக வெளிச்சம். அதையும் இறுக்கினாள். அப்புறமும் சொன்னான். அவளிடம் இருந்ததே ஏழெட்டுப் பொருள், அவள் எந்த வரிசையில் வைக்கிறாள் என்று மனப்பாடம் செய்திருந்தான். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தலையில் ஏறாதவன்.

பேனாக் கோடும் நகர ஆரம்பித்தது. வானகரம் வந்தாச்சு என்றான். ஒரு வாரம் கழித்து மதுரவாயல் என்றான். கடையில் கோபி எல்லோருக்கும் டீ சொன்னான். புஷ்பா என்னிடம் வந்து, அண்ணி, அவர் தட்டிப் பார்த்தே நாளாகிறது, சும்மா கோடு மட்டும் போடுகிறார் என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஐப்பசியில் டாக்டரிடமும் இதே வித்தையைக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தால், கை போய்விடும். நேராக அவன் முகத்துக்கு எதிரே கேட்டுவிடுவது என்று மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். வாசலில் செருப்பை விடும்போது உள்ளே அவர்கள் பேசுவது கேட்டது. அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன பதிலும் காதில் விழுந்தது.

"காலு மரத்துப் போறதுக்கெல்லாம் நான் பயப்படல புஷ்பா. திருப்பி அறுத்து ஒட்டி, அதுவும் புடிக்கலன்னா? இப்போ வரும் வரும்னு நெனச்சிகினு கீறேன். அப்பால எத்த நெனச்சிகினு இருக்கிறது?"

செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். சண்டை போடும் தெம்பு எனக்கு இல்லை.

ஆனாலும் டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நாளைக்கு நானும் வருகிறேன், அரிசி டப்பாவில் நீ செய்த திருட்டுத்தனம், பேனாக் கோடு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். நீ எனக்கு அக்காவா, பூந்தமல்லி இன்ஸ்பெக்டரா என்று கத்தினான். இரண்டும்தான் என்றேன். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

வெளியே நல்ல மழை. சாயங்காலம் புஷ்பா அவனை எழுப்பி உட்கார வைத்தாள். எப்படியும் நாளைக்குத் திரும்ப அறுக்கத் தேதி குறித்துவிடுவார்கள், இன்றைக்கு எதற்கு என்று முனகினான். அவள் விடவில்லை. இட்லி அரிசியில் வண்டு வந்துவிட்டதென்று அன்று காலையில் அதைக் கொட்டிவிட்டு, உப்புமாவுக்கு உடைத்து வைத்திருந்த பச்சரிசியை டப்பாவில் நிரப்பியிருந்தாள். வேறு யோசனை எதுவும் அவளுக்கு இல்லை, வீட்டில் இருந்தது அதுதான். அவன் மனப்பாடத்தில் இல்லாத ஒரு புளியங்கொட்டையை அதற்குள் புதைத்தாள். இரண்டு விரலையும் மடக்கிக் கட்டினாள். கண்ணில் துண்டை நான் கட்டினேன், இன்ஸ்பெக்டர் கட்டுகிற கட்டு.

கையை உள்ளே விட்டான். வழக்கமாக விட்ட வேகத்தில் பெயர் சொல்வான். அன்றைக்குச் சொல்லவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நொய்யை உருட்டிக்கொண்டே இருந்தான். முகம் சுளித்தது.

"இன்னா அரிசி இது? முள்ளு மாதிரி குத்துது. வேற அரிசியே இல்லியா ஊட்ல?"

புஷ்பா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கடைசியில் நான்தான், எங்கே குத்துகிறது என்று கேட்டேன்.

"இங்கதான், நுனில. பச்சரிசிய ஒடச்சிப் போட்டா குத்தாம இன்னா செய்யும்?" என்று எரிந்து விழுந்தான். பாதியிலேயே அவன் குரல் நின்றுவிட்டது. விரல்கள் உருட்டுவதை நிறுத்தின. கையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடுமோ என்று பயந்தவன் மாதிரி அப்படியே வைத்திருந்தான்.

புஷ்பா ஒரு பிடி நொய்யை அள்ளி அவன் விரல் நுனியில் வைத்து அழுத்தினாள். குத்துதா என்றாள். குத்துது என்றான். விட்டுவிட்டுத் திரும்ப அழுத்தினாள். குத்துதா? குத்துது. அவள் அழுதுகொண்டே அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் கட்டிய துண்டு அவன் கன்னத்துக்கு மேலே நனைந்துபோயிருந்தது.

அறுக்க வேண்டியதில்லை என்று மறுநாள் டாக்டர் சொன்னதெல்லாம் பிறகு. அந்தச் சாயங்காலம் எனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டியிருந்தது. சரிடா, உள்ளே இருக்கும் பொருள் என்ன, அதைச் சொல் என்றேன். இன்னொரு தடவை துழாவினான். புளியங்கொட்டை அவன் விரலடியில்தான் இருந்தது.

"தெரிலக்கா," என்றான்.

இத்தனை மாதத்தில் அந்த டப்பாவைப் பற்றி அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.